சொம்புக்குள்ள வுட்ட பேனா

வா கண்ணு, உக்காரு. இந்த வெய்யில்ல ஓசூர்ல இருந்து வண்டியிலயேவா வந்தே? பொறு. ஏ புள்ள, தம்பிக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா!

என்ன, வாங்கின சொம்பைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கறே? சட்டைப்பையில இருந்து என்னமோ எடுக்கறயே, பேனாவா? அடப்பாவி, தண்ணிக்குள்ள வுடறயே! 340-ன்னு காட்டுதா? அதுக்கு எதுக்கு மொகம் இப்படிச் சுண்டிப் போவுது? மகன் வாங்கின மார்க்கைப் பாத்த அப்பனாட்டம் நிக்கறயே!

சரி சரி, உம் பையில இருக்கற பாட்டில் தண்ணியையே குடி. தாகத்துல இருக்கறவன்கிட்ட வம்பு பேசக் கூடாது. குடிச்சாச்சா? இப்பக் கேளு.

அந்தப் பேனாவுக்குக் கண்ணும் இல்ல, நாக்கும் இல்ல. நுனியில ரெண்டு கம்பி, அவ்வளவுதான். கம்பி வழியாத் துளியூண்டு கரண்டை வுட்டுப் பாக்குது. உப்பு இருக்கற தண்ணியில கரண்டு ஓடும். எவ்வளவு ஓடுதுன்னு பாத்துட்டு, 'லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைஞ்சிருக்கும்'னு ஒரு குத்துமதிப்புச் சொல்லுது. அதைத்தான் டீடிஎஸ், டீடிஎஸ்னு ஜெபம் பண்றீங்க. அது கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கற வாட்ச்மேன் கண்ணு. 'உள்ள 340 பேரு இருக்காங்க'ன்னு எண்ணிச் சொல்லுவான். அதுல மாப்பிள்ளை யாரு, செருப்புத் திருடன் யாருன்னு கேட்டுப் பாரேன்? தலையைச் சொறிவான்.

போன நோம்பிக்கு எம் பேரனும் இதே மாதிரி ஒண்ணு கொண்டாந்தான். அன்னைக்கு ஒரு எளநியை வெட்டி அவன் கையில குடுத்து, 'இதுக்குள்ள வுடுடா பாக்கலாம்'னேன். வுட்டான். ஆயிரத்தையெல்லாம் தாண்டி ஓடுது நம்பர்! அடுத்தாப்பல அவங்க ஆத்தா வெச்ச ரசம். பேனா பயந்துபோயி எழுத்தையே காட்டல. அந்தக் கணக்குக்கு, நாம எல்லாம் எப்பவோ பாடையில போயிருக்கணுமே? கவர்மெண்டு போட்ட குடிதண்ணி விதியில, ஐஎஸ் 10500-ன்னு பேரு, 500 வரைக்கும் நல்லாக் குடின்னு எழுதியிருக்குது. வேற தண்ணி கெடைக்காத ஊருன்னா 2000 வரைக்கும் பரவால்லங்குது. எஞ் சொம்புல 340. நீ எதுக்கு மூக்கைச் சுளிக்கறே?

அதை வுடு. போன தையில ஒருத்தன் வந்தான் பாரு, கழுத்துல டை கட்டிக்கிட்டு, இந்த வேகாத வெய்யில்ல! 'ஐயா, உங்க தண்ணியை ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தரேன்'னான். ஃப்ரீன்னு ஒருத்தன் சொன்னா நான் மொதல்ல மடியைத்தான் தொட்டுப் பாப்பேன். ரெண்டு கண்ணாடி டம்ளர் வெச்சான். ஒண்ணுல எங்கூட்டுத் தண்ணி. இன்னொண்ணுல அவன் கொண்டாந்த மிஷின் தண்ணி. நாலு கம்பி நீட்டிக்கிட்டிருந்த ஒரு டப்பாவை ரெண்டு டம்ளர்லயும் முங்கற மாதிரி வெச்சு, சுச்சைப் போட்டான். ஒரு நிமிசந்தான். எங்க தண்ணி பொங்குது! மொதல்ல பச்சை, அப்பறம் காவி, கடைசியில சாக்கடையாட்டம் கருப்பு. அவனோடது பளிங்கு மாதிரி அப்படியே நிக்குது. 'ஐயா, இதைத்தான் இத்தனை வருசமாக் குடிச்சீங்க'ன்னு சொல்லிட்டு, எழவு வூட்டுக்கு வந்தவனாட்டம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தெருவே கூடிப்போச்சு. எதுத்தூட்டுக்காரி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

நான் ஒண்ணும் பேசல. உள்ள போயி ஒரு சிட்டிகை உப்பு எடுத்தாந்தேன். அவனோட பளிங்குத் தண்ணியில போட்டுக் கலக்கினேன். 'இப்பப் போடு சாமி, சுச்சை'ன்னேன்.

போட மாட்டேங்கறான். 'வோல்டேஜ் சரியில்லீங்க'ங்கறான். நானே போட்டேன். அவன் பளிங்கும் பொங்குச்சு பாரு, எங்க சாக்கடையைவிட ஒரு படி கருப்பா!

இருவது வருசம் மோட்டார் கொட்டாயில கெடந்தவன்கிட்டயே கரண்டு வித்தை காட்டறான். அந்த நாலு கம்பியில இரும்பும் இருக்குது. உப்புத் தண்ணியில கரண்டு ஓடினா இரும்பு கரையாம என்ன பண்ணும்? அந்தத் துருதான் நீ பாக்கற சாக்கடை. மிஷின் தண்ணியில உப்பே இல்ல, கரண்டு ஓடல, கம்பி கரையல. அழுக்கு எங்க தண்ணியில இல்ல கண்ணு, அவன் டப்பாவுல இருந்துச்சு. பாவம், மோர் குடிச்சுட்டுப் போனான்.

சிரிக்கறயா? சிரி. ஆனா 'பெருசு சொல்லிருச்சு, தண்ணியில ஒண்ணுமே இல்ல'ன்னு வண்டியை எடுத்துடாதே. அங்கதான் வெனை இருக்குது. எங்கூட்டுத் தண்ணியில நெசமாவே ஒரு திருடன் இருந்தான். நாப்பது வருசம் இருந்தான். டப்பாக்காரன் அன்னைக்கே வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது, உம் பேனாவுக்கும் தெரியாது. இந்தக் கெழவனுக்கும் தெரியல.

நான் பொறந்து வளந்ததெல்லாம் சேந்து கெணத்துத் தண்ணி. கலங்கலாத்தான் இருக்கும். மழைக்காலம்னா தேத்தாங்கொட்டையைப் பானைக்குள்ள ஒரசி வுடுவாங்க, மண்ணு அடியில படிஞ்சுரும். அப்பப்ப வாந்திபேதி வரும், புள்ளைங்க போகும். அப்பறம் லாரியில பெரிய மிஷினைக் கொண்டாந்து பாறையைத் தொளைச்சு, போர் போட்டுக் கைபம்பு வெச்சாங்க. அட, என்னா தண்ணி! கண்ணாடி. ஐஸ் மாதிரி சில்லுன்னு. கைபம்புக்கு மஞ்சக் குங்குமம் வெச்சுத் தேங்கா ஒடச்சவன் நாந்தான். 'இனி கெணத்துல எவன் எறங்குவான்'னு சவடால் அடிச்சவனும் நாந்தான். வாந்திபேதியும் கொறஞ்சுது, அதையும் மறைக்கக் கூடாது.

எம் மூத்த மக அந்தத் தண்ணியில வளந்தவ. பால்பல்லு போயி நெலைப்பல்லு மொளைச்சுது பாரு, சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டு. அப்பறம் அது காவி ஆச்சு. பல்லு வெளக்க மாட்டேங்கறான்னு அடிச்சேன் கண்ணு. அடுப்புக்கரியும் செங்கப்பொடியும் வெச்சு ஈறு கிழியத் தேய்க்க வெச்சேன். போகல. எப்படிப் போகும்? கறை மேல இல்ல, பல்லுக்குள்ளயே வெளைஞ்சது. எட்டு வயசுக்குள்ள பல்லு உள்ள உருவாகறப்பவே அந்தச் சனியன் புகுந்துடுது. பேரு ஃப்ளோரைடு.

எங்க ஊர்ப் பக்கம் முச்சூடும் பாறை. அந்தப் பாறையிலயே இது இருக்குது. பாறைச் சந்துல வருசக்கணக்கா ஊறிக் கெடக்கற தண்ணி, ஊறுகா மாதிரி அதை இழுத்துக்குது. ஆழத்துக்குப் போகப் போக ஊறல் ஜாஸ்தி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற வழியில்லன்னா 1.5 வரைக்கும். அதுக்கு மேல தொடர்ந்து குடிச்சாப் பல்லு. ரொம்ப மேல போயி வருசக்கணக்கானா எலும்பு. எங்கூட்டுக்காரி குத்தவெச்சு எந்திரிக்க முடியாமப் போனதுக்கு நாங்க வாயுன்னு சொல்லி எத்தனை தைலம் தேச்சோம்! அதுலயும் நாம வெய்யில்ல ஏரோட்டறவங்க. ஏசியில உக்காந்து ஒரு லிட்டர் குடிக்கறவனும், வெய்யில்ல நின்னு அஞ்சு லிட்டர் குடிக்கறவனும் ஒண்ணா? ஒரே கெணறுதான், ஆனா எனக்கு அஞ்சு மடங்கு வெஷம்.

தண்ணி தெளிவா இருந்துச்சு. வாசமில்ல, கசப்பில்ல. கண்ணும் நாக்கும் சேந்து ஏமாத்திருச்சு. உம் பேனா அன்னைக்கு இருந்திருந்தாலும் என்ன கிழிச்சிருக்கும்? ஃப்ளோரைடு 3 ஏறினா 340-ங்கறது 343 ஆகும். நீ கண்டுபிடிச்சிருப்பயா?

மொதமொதல்ல இதைக் கண்டுபிடிச்சது யாருன்னு நெனைக்கறே? மாடு. அப்ப மெட்ராஸ் ராஜதானியில இருந்த நெல்லூர்ப் பக்கம், வெளியூர்ல இருந்து வாங்கியாந்த ஏர்மாடு கொஞ்ச மாசத்துல மூட்டுப் புடிச்சு நடக்க முடியாமப் போச்சு. சம்சாரிங்க பாத்துட்டாங்க. அதுக்கப்பறம்தான் டாக்டருங்க. 1937-ல ஷார்ட்டுன்னு ஒரு வெள்ளைக்காரரும் கூட்டாளிங்களும் 'இது தண்ணியில இருக்கற ஃப்ளோரைடு'ன்னு எழுதினாங்க.

அமெரிக்காவுல இன்னும் கூத்து. கொலராடோ ஸ்பிரிங்ஸுன்னு ஒரு ஊரு. 1901-ல மெக்கேன்னு ஒரு எளவட்டப் பல்டாக்டர் அங்க போறாரு. ஊர்ப் புள்ளைங்க பல்லெல்லாம் காவி. எம் மக பல்லு மாதிரியேதான். ஊருக்குள்ள ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பாங்க, நான் வெளக்கலன்னு சொன்ன மாதிரி. அந்த மனுசன் வுடல. முப்பது வருசம் இதையே புடிச்சுக்கிட்டுத் தொங்கினாரு. கடைசியில 1931-ல, அலுமினியக் கம்பெனியில வேலை பாத்த சர்ச்சில்ங்கற ரசாயனக்காரர் (யுத்தம் பண்ணின சர்ச்சில் இல்ல, இவரு வேற) தண்ணியைச் சோதிச்சு ஃப்ளோரைடைப் புடிச்சாரு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் காவிப்பல்லு சொத்தை வுழாத பல்லு! கொஞ்சமா இருந்தாப் பல்லுக்கு நல்லதுன்னு தெரிஞ்சுபோச்சு. 1945-ல கிராண்ட் ராப்பிட்ஸுங்கற ஊர்ல தண்ணியில ஃப்ளோரைடை அளந்து போடவே ஆரம்பிச்சுட்டாங்க. அவன் காசு குடுத்துப் போட்டான், நாம காசு குடுத்து எடுக்கறோம். சாமி கணக்கை எவன் கேக்கறது?

ஆக, துளி இருந்தா நல்லது, கூடினாக் கெட்டது. ஆனா துளின்னா எத்தனைன்னு கைக்கு அடங்கற மாதிரி நெனைச்சுப் பாத்திருக்கயா? மாடி மேல இருக்குதே அந்தக் கருப்பு டேங்க், 1000 லிட்டர். அதுல 1 கிராம் எதைப் போட்டாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஒரு சிட்டிகைதான். ஈயமும் ஆர்சனிக்கும் இருக்குதே, அதுங்களுக்கு எல்லை 0.01. அப்படின்னா அந்த மாதிரி ஆயிரம் டேங்குக்கு 10 கிராம். சாப்பாட்டுக்கு ஒரு ஸ்பூன் நெய்யி ஊத்தறமே, அவ்வளவு. ஈயம் அந்த எல்லைக்குப் பத்து மடங்கு மேல இருந்தாலும் உம் பேனா கண்ணை முழிக்காது. பூச்சிமருந்து பெரும்பாலும் கரண்டையே கடத்தாது. பேதிக் கிருமி ஆயிரம் இருந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. ஆனா கல்லுப்பு ஒண்ணு வுழட்டும், 'ஐயையோ'ன்னு கத்தும். இந்த மாதிரி ஒரு காவக்காரனை எவனாவது சம்பளம் குடுத்து வெப்பானா?

இன்னும் பாரு. தோசை ஒட்டாத கல்லு செய்யறதுக்குன்னு சில ரசாயனம் வெச்சிருந்தானுங்க. பீஃபாஸ்னு மொத்தமா ஒரு பேரு. தோசை ஒட்டல, ஆனா அது ஒலகத்துல ஒட்டிக்கிச்சு. அழியவே மாட்டேங்குது. 2024-ல அமெரிக்கா அதுல ரெண்டுக்கு ஒரு எல்லை போட்டுச்சு. கணக்குப் போட்டா, நம்ம டேங்கு மாதிரி பத்து லட்சம் டேங்குல 4 கிராம்! அவ்வளவு கம்மியை அளக்கற மிஷின் இன்னைக்கு இருக்குது. அளக்கத் தெரிஞ்சதாலயே தெனமும் பேப்பர்ல 'தண்ணியில அது இருக்குது, இது இருக்குது'ன்னு வருது. இருக்குதுங்கறது ஒரு பேச்சு, எவ்வளவு இருக்குதுங்கறது வேற பேச்சு. காப்பி குடிக்கற ஊரு ஆத்துல காப்பி இருக்கத்தான் செய்யும். அதுக்காக ஆத்தைப் பாத்து 'தூக்கம் கெட்டுப்போச்சு'ன்னு சொல்லுவயா?

ஆனா அதையே சாக்கா வெச்சு எல்லாத்தையும் சிரிச்சுத் தள்ளவும் முடியாது. ஹைதராபாத் பக்கம் பட்டஞ்செருவுன்னு ஒரு எடம், மாத்திரைக் கம்பெனிங்க இருக்கற எடம். அங்க கழிவைச் சுத்தம் பண்ணி வுடற நிலையத்துல இருந்து வெளிய வந்த தண்ணியை சுவீடன்காரங்க சோதிச்சு 2007-ல எழுதினாங்க. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தெரியுமில்ல? லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும். நம்ம கருப்பு டேங்குல ஊத்தினா 500 மில்லிகிராம் மாத்திரை 62 போட்ட மாதிரி. 'சுத்தம்' பண்ணினப்பறம் கண்ணு! அங்க இருக்கற கிருமிக்கெல்லாம் தெனமும் பயிற்சி, மருந்துக்கே சாகாத பயில்வானுங்களா ஆகறதுக்கு. இதைச் சிரிக்க முடியுமா?

பாட்டில் தண்ணியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருக்கயே, 2003-ல டெல்லி சி.எஸ்.இ. அமைப்பு கடையில விக்கற பாட்டிலை வாங்கிச் சோதிச்சப்ப, அதுலயே பூச்சிமருந்து இருந்துச்சு. அதுக்கப்பறம்தான் கவர்மெண்டு எல்லையை இறுக்குச்சு. நம்ம மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில பிரதீப்புன்னு ஒரு வாத்தியார். தங்கம், வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத பொடியாக்கினா அது பூச்சிமருந்தை ஒடச்சுப் போடுதுன்னு கண்டுபிடிச்சு, ஃபில்டருக்குள்ளயே வெச்சுட்டாரு. ஆர்சனிக்கை எடுக்கவும் அம்ரித்துன்னு ஒண்ணு பண்ணியிருக்காரு. இவங்க டை கட்டிக்கிட்டு டப்பாவைத் தூக்கிட்டு வரலியே, கவனிச்சயா?

'அப்ப எந்த மிஷின் வாங்கட்டும் தாத்தா'ன்னு கேக்கப் போறே. மருந்துக் கடைக்குப் போயி 'இருக்கறதுலயே பெரிய மருந்தாக் குடுங்க'ன்னு கேப்பயா? என்ன சீக்குன்னு தெரியாம மருந்து வாங்கறவனை என்னன்னு சொல்றது? கலங்கலுக்குத் தேத்தாங்கொட்டை, படிகாரம். கிருமிக்குக் காய்ச்சு. ஆனா ஃப்ளோரைடு தண்ணியைக் காய்ச்சினா, தண்ணி ஆவியாப் போகும், சனியன் அடியில கெட்டியா நிக்கும். நாங்க மழைக்காலத்துல காய்ச்சிக் காய்ச்சிக் குடிச்சோம், புத்திசாலிங்கன்னு நெனைச்சுக்கிட்டு. அதுக்கு நாக்பூர் நீரி ஆபீஸ்காரங்க படிகாரமும் சுண்ணாம்பும் அளந்து போட்டு எடுக்கற முறையைக் கண்டுபிடிச்சாங்க, நல்கொண்டா முறைன்னு பேரு. அலுமினா போட்ட வடிகட்டியும் உண்டு. நீ கும்புடற ஆர்.ஓ.வும் எடுக்கும், இல்லன்னு சொல்லல. உப்புக்கரிக்கற ஊருக்கும் அது வேணும்.

ஆனா 340 தண்ணிக்கு எதுக்குடா ஆர்.ஓ.? ஒரு சொம்பு குடுக்கறதுக்கு மூணு சொம்பைச் சாக்கடையில ஊத்துது. மாடு இப்படிக் கறந்தா வெச்சிருப்பயா, சந்தைக்கு ஓட்டிட மாட்டே? 500-க்குக் கீழ இருக்கற தண்ணிக்கு ஆர்.ஓ.வே கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2019-லயே சொல்லிருச்சு. இதுல பெரிய காமெடி, கால்சியம் மெக்னீசியமெல்லாம் வழிச்சு எடுத்துட்டு, அப்பறம் 'மினரல் கேட்ரிட்ஜ்'னு தனியாக் காசு வாங்கிக்கிட்டு அதையே திரும்பப் போடறான். உம் வேட்டியை உருவி உனக்கே வாடகைக்கு வுடறான். நீயும் கட்டிக்கிட்டு 'பிராண்டட்'ங்கறே!

குளோரின் வாடைக்கு மூக்கைப் பொத்தறவன் வேற இருக்கான். குளோரின் தண்ணியில இருக்கற தழை குப்பையோட சேந்தா குளோரோஃபார்ம் மாதிரி சிலது உண்டாகுதுன்னு, ஹாலந்துல ராட்டர்டாம் தண்ணி ஆபீஸ்ல இருந்த ரூக்குங்கறவரு 1974-ல கண்டுபிடிச்சாரு. நெசந்தான். அதனால மொதல்ல குப்பையை வடிகட்டிட்டு அப்பறம் குளோரின் போடறாங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு குளோரினையே நிறுத்தச் சொல்றவன், ஒரு தடவை காலரா வந்த ஊரைப் பாத்திருக்கணும். நான் பாத்திருக்கேன். பேசாம இரு.

நீ பண்ண வேண்டியது ரொம்ப சப்பையான காரியம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாவுக்கு ஜில்லா சோதனைக்கூடம் இருக்குது. சுத்தமான பாட்டில்ல புடிச்சுக் கொண்டுபோயிக் குடு, காசைக் கட்டு, பேப்பரை வாங்கு. ஃப்ளோரைடு எத்தனை, நைட்ரேட் எத்தனை, கிருமி உண்டா, எல்லாம் அதுல இருக்கும். உனக்குப் புடிக்காது, தெரியும். அதுக்குக் கலர் லைட்டு எரியாது, செவத்துல மாட்ட முடியாது, ஒறம்பரை வந்தாக் காட்ட முடியாது.

இன்னொண்ணு, எங்காளுங்க சொல்ற 'தாத்தா காலத்து வைத்தியம்' எல்லாமே பலிக்கும்னும் நான் சொல்ல மாட்டேன். செம்புக் கொடம் கிருமியைக் கொறைக்கும், ஃப்ளோரைடைத் தொடாது. புளி மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரி. ஹைதராபாத் சத்துணவு நிறுவனத்துல புள்ளைங்களுக்குத் தெனமும் கொஞ்சம் புளி குடுத்துப் பாத்ததுல, ஃப்ளோரைடு மூத்திரத்துல கூடுதலா வெளிய போச்சாம். இதைக் கேட்டதுல இருந்து எங்கூட்டுக்காரி, 'என் ரசத்தைக் கொறை சொன்னயே'ன்னு என்னைக் கரிச்சுக் கொட்டறா. அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. ஆனா வெஷத்தை ஊத்திக்கிட்டே புளியைக் கரைக்கறது ஒரு வைத்தியமா?

எங்களுக்கு 2013-ல ஒகேனக்கல் காவேரித் தண்ணி வந்துச்சு. ஜப்பான்காரன் கடன் குடுத்தான், குழா பதிச்சாங்க. திட்டத்துப் பேர்லயே ஃப்ளோரைடு நோய் இருக்குது. நீ மொகஞ்சுளிச்ச அந்த 340, அந்தத் தண்ணிதான். அதுக்கு முன்னால மூத்தவளைப் பொண்ணு பாக்க மூணு எடத்துல வந்தாங்க. 'பொண்ணு லட்சணமா இருக்குது, ஆனா சிரிக்கவே மாட்டேங்குதே, கர்வமோ'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எப்படிச் சிரிப்பா? வாயைத் தொறந்தா ஊர்த் தண்ணி தெரியுமே. நாலாவதா வந்தவன் நம்ம பக்கத்து ஊர்க்காரன், அவனுக்கும் அதே பல்லு. ஒருத்தரையொருத்தர் பாத்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க, முடிஞ்சுது. இப்பவும் அவளுக்குச் சிரிப்பு வந்தாக் கை தானா வாய்க்குப் போகுது.

அவ மக இருக்கறா பாரு, காவேரித் தண்ணி வந்தப்பறம் பொறந்தது. அதுக்கு வாயை மூடவே தெரியாது. அதா ஓடியாருது. கண்ணு, உம் பேனா எங்க? திண்ணையில வெச்சயா? போச்சு போ! தூக்கிக்கிட்டு மோர்ப்பானைக்குப் போவுது. ஏ புள்ள, அதைத் தடுக்காதே, வுடட்டும்! எத்தனை காட்டுதுன்னு நீயே எந்திரிச்சுப் போயிப் படிச்சுச் சொல்லு தம்பி, எனக்குக் கண்ணாடி உள்ள இருக்குது.